துண்டுச் சீட்டும் குடும்ப அட்டையும்: கண்டிச்சீமைக்குப் போனவர்கள், திரும்பியவர்கள்

சிலோன் தோட்டங்களில் ‘துண்டு’ என்று ஒரு சீட்டு புழங்கியது. தோட்டத்துத் துரை கையெழுத்துப் போட்டு, ஊரிலிருந்து ஆள் சேர்த்துவந்து வேலை வாங்கும் கங்காணி கையில் கொடுப்பார். இந்தக் கங்காணியும் இவரோடு இருக்கும் இத்தனை ஆட்களும் எனக்கு இவ்வளவு ரூபாய் பாக்கி, அந்தப் பணத்தைக் கட்டினால் ஆட்களை விட்டுவிடுகிறேன் என்பது அதன் சாரம். கங்காணி அதை மடியில் செருகிக்கொண்டு பக்கத்துத் தோட்டங்களுக்கு நடப்பார். ஆள் கிடைக்காமல் தவிக்கும் வேறொரு துரை பாக்கியைக் கட்டி, மேலே கொஞ்சம் முன்பணமும் தருவார். சில நாளில் அந்தக் கூட்டம் முழுக்கச் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு அடுத்த மலைக்குப் போய்விடும். பழைய கடனோடு புது முன்பணமும் சேர்ந்து, கணக்கு முன்னைவிடக் கூடியிருக்கும்.

அந்தக் கூட்டத்தில் ஒருவரை நிறுத்தி, ஏன் இந்தத் தோட்டத்துக்கு வந்தீர்கள் என்று கேட்டால் என்ன சொல்லியிருப்பார்? கூலி அதிகம், தண்ணீர் நல்ல தண்ணீர் என்றெல்லாம் சொல்லியிருக்க மாட்டார். கங்காணி வந்தார், நாங்களும் வந்தோம் என்றுதான் சொல்லியிருப்பார்.

பள்ளிக்கூடப் புவியியலில் இடப்பெயர்வுக்கு இரண்டு பட்டியல் உண்டு. தள்ளும் காரணிகள் ஒரு பக்கம்: வறட்சி, வேலையின்மை, கொடுமை. இழுக்கும் காரணிகள் மறுபக்கம்: கூலி, வசதி, பாதுகாப்பு. ரேவன்ஸ்டீன் 1885-ல் இடப்பெயர்வின் விதிகள் என்று எழுதிய கட்டுரையிலிருந்து 1966-ல் எவரெட் லீ எழுதியது வரை இந்தச் சிந்தனைக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. லீ, இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கும் தடைகளையும் கணக்கில் எடுத்தார். பாடப்புத்தகத்தில் அந்த நடுப்பகுதி பெரும்பாலும் உதிர்ந்துவிடும். நான் இங்கே எடுத்துக்கொள்வது அந்த நடுப்பகுதியைத்தான். தமிழ் மாவட்டங்களிலிருந்து இலங்கை மலையகத்துக்குப் போனவர்களும், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் லட்சக்கணக்கில் திரும்ப வந்ததும் ஒரே வழக்கின் இரண்டு பாதிகள். முதல் பாதியில் நடுவில் நின்றது கடன், இரண்டாம் பாதியில் அரசாங்கத் தாள்.

காப்பி அழைத்தது, தேயிலை தங்கவைத்தது

1824-ல் ஜார்ஜ் பேர்ட் என்பவர் கம்பளைக்குப் பக்கத்தில் காப்பித் தோட்டம் போட்டார். அப்போதைய ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் அதற்கு எல்லா ஆதரவும் கொடுத்தார். 1840-களில் கண்டி மலைகளில் காட்டை அழித்து எங்கு பார்த்தாலும் காப்பி. பக்கத்துக் கிராமத்துச் சிங்கள விவசாயிகள் தோட்டத்தில் கூட்டமாக நின்று கூலிவேலை செய்ய வரவில்லை. அவர்களைச் சோம்பேறிகள் என்று துரைமார் எழுதிவைத்தார்கள். சொந்த வயலும், காட்டை வெட்டி எரித்துச் செய்யும் சேனைப் பயிரும் வைத்திருப்பவர், விடிகாலையில் இன்னொருவர் தோட்டத்தில் கைகட்டி நிற்க எதற்காக வர வேண்டும்?

கடலுக்கு இந்தப் பக்கம் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, ராமநாதபுரம், தஞ்சாவூர் பகுதிகளில் கதை வேறு. நிலம் இல்லாதவர்கள், நிலம் இருந்தும் மழை இல்லாதவர்கள், தலைமுறையாக ஒரே பண்ணையில் கட்டுண்டு கிடந்தவர்கள் ஏராளம். போனவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பள்ளர், பறையர், சக்கிலியர் என்று ஒதுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். தள்ளும் காரணி என்று எழுத இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

ஆனாலும் ஆரம்பத்தில் போனவர்கள் போன இடத்தில் தங்கவில்லை. காப்பிப் பழம் வருஷத்தில் சில மாதம்தான். பழம் பறிக்கும் காலத்துக்குப் போய், முடிந்ததும் ஊர் அறுப்புக்குத் திரும்பினார்கள். பெரும்பாலும் ஆண்கள். இன்று வெளியூருக்குக் கரும்பு வெட்டப் போய்வருவது மாதிரி, அன்று கண்டிக்குப் போய்வந்தார்கள். ‘கண்டிக்குப் போறது’ என்றே ஊரில் அதற்குப் பெயர்.

1869-ல் காப்பி இலையில் துருநோய் தென்பட்டது. இருபது வருஷத்துக்குள் சிலோன் காப்பி ஏறக்குறைய அழிந்தது. இந்த இடைக்காலத்தில்தான் தாது வருஷப் பஞ்சம், 1876-லிருந்து 1878 வரை. 1877-ல் மட்டும் லட்சத்துக்கும் மேலானவர்கள் சிலோனில் போய் இறங்கினார்கள். இலையைப் பூஞ்சை தின்றுகொண்டிருந்த தோட்டங்களுக்கு அத்தனை பேர்! பட்டியலின் இழுக்கும் பக்கம் ஆட்டம் கண்டிருந்தபோதும் ஓட்டம் குறையவில்லை. பாதை ஏற்கனவே போடப்பட்டிருந்தது, கூட்டிப்போகக் கங்காணிகள் ஊரில் நின்றார்கள்.

காப்பி போன இடத்தில் தேயிலை வந்தது. 1867-ல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். தேயிலைக்குப் பருவம் கிடையாது. கொழுந்து எடுத்த செடி ஒரு வாரம், பத்து நாளில் மறுபடி துளிர்த்துவிடும். எடுக்காமல் விட்டால் முற்றிப் பயனற்றுப்போகும். வருஷம் முழுக்க ஆள் வேண்டும், அதிலும் கொழுந்து எடுக்கப் பெண்கள் வேண்டும். கணவன், மனைவி, பிள்ளைகள் என்று குடும்பமாக அழைத்துவந்து லயம் என்ற வரிசை வீடுகளில் குடிவைத்தார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பரா, முன்னால் ஒரு சின்னத் திண்ணை, சுவரோடு சுவர் ஒட்டி அடுத்த குடும்பம். ஒரு செடி எத்தனை நாளைக்கு ஒருமுறை துளிர்க்கிறது என்பதுதான் ஒரு சமூகம் நிரந்தரமாகக் குடியேறியதற்கு முதல் காரணம். போனவர்களில் யாரும் அங்கேயே இருந்துவிடலாம் என்று முடிவெடுத்துப் புறப்படவில்லை.

ஊர்க்காரர்தான் கூட்டிப்போனார்

கங்காணி அந்நியர் இல்லை. அதே ஊர், பெரும்பாலும் சொந்தம் அல்லது தெரிந்த சாதிக்காரர். கோட்டும் தலைப்பாகையும் கைக்குடையுமாக ஊருக்குள் வந்து நிற்பார். போன வருஷம் கோவணத்தோடு போனவர் இந்தக் கோலத்தில் திரும்பினால் வேறு விளம்பரம் எதற்கு? தேயிலைச் செடிக்கடியில் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடக்கும், தோண்டினால் எடுக்கலாம் என்று சொல்லிக் கூட்டிவந்தார்கள் என்று மலையகத்தில் இன்றும் சொல்வார்கள். அப்படியே யாராவது நம்பியிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான். நம்பியது தேங்காயை இருக்காது, சொன்ன ஆளை.

ஊரில் இருக்கும் கடனைக் கங்காணி அடைப்பார். வழிச்செலவு, சோறு, ஒரு கம்பளி எல்லாம் அவர் பொறுப்பு. எல்லாம் கணக்கில் ஏறும். தோட்டத்தில் முதல் நாள் பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள்கணக்கு எடுக்கும் வரிசையில், நிற்கும்போதே ஆள் கடன்காரர். பெரிய கங்காணிக்குத் தலைக்கு இவ்வளவு என்று தினமும் துரை தரும் காசு தனி. ஆள் வேலைக்கு வந்தால்தான் அவருக்கு வரும்படி. அதனால் காய்ச்சலில் படுத்திருப்பவரையும் லயத்துக்கு வந்து எழுப்புவார்.

இங்கே ஒரு சட்ட நுணுக்கம் இருக்கிறது. பீஜிக்கும் நேட்டாலுக்கும் போனவர்கள் ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துப் போனவர்கள். சிலோனுக்கு அப்படி ஒப்பந்தம் இல்லை. 1865-ம் ஆண்டுச் சட்டப்படி மாத ஒப்பந்தம்தான். முன்கூட்டி நோட்டீஸ் கொடுத்துவிட்டு யாரும் போகலாம். அதைக் காட்டித்தான் இது சுதந்திரமான இடப்பெயர்வு என்று காலனி அரசாங்கம் வாதாடியது. நோட்டீஸ் கொடுக்காமல் ஓடினால் அதே சட்டத்தில் சிறை. கடனைத் தீர்க்காமல் போனால் எந்தத் தோட்டமும் சேர்க்காது, துண்டு வேண்டும். சட்டப்படி விடுதலை, கணக்குப்படி கட்டு. முன்பணத்துக்குத் துரைமார் வைத்த பெயர் ‘கோஸ்ட் அட்வான்ஸ்’. அவர்களுக்குத் தமிழ்நாடு முழுவதுமே ஒரு ‘கோஸ்ட்’தான், ஆள் எடுக்கிற கரை.

பண்ணையாரை விட்டு ஓடிய ஒடுக்கப்பட்ட சாதிக்காரருக்கு இது விடுதலையாகவும் இருந்திருக்குமே என்றால், ஓரளவுக்கு உண்மை. பண்ணையில் காணாத ரூபாயைத் தோட்டத்தில் கண்டார்கள். ஆனால் கங்காணி ஊரையும் சேர்த்தே கூட்டிவந்திருந்தார். பெரிய கங்காணிகளில் பலர் மேல்சாதி. லயங்களும் சாதிவாரியாகப் பிரிந்தன. விட்டுவந்ததாக நினைத்தது பக்கத்துக் காம்பராவிலேயே இருந்தது.

வழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ராமேஸ்வரம், தேவிபட்டினம், தொண்டி கரைகளிலிருந்து தோணியேறி மன்னாரில் இறங்கி, வன்னிக் காட்டுக்குள் மாத்தளை வரை நடை. காலரா, அம்மை, பசி, காட்டுவிலங்கு. வழியில் செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் சண்டை தீரவில்லை. 2023-ல் மலையகத் தமிழரின் இருநூறு ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் போனார்கள். ஜூலை கடைசியில் கிளம்பி ஆகஸ்ட் 12-ல் முடித்தார்கள். நல்ல சாலையில், பகலில், வழியெங்கும் சாப்பாடு தண்ணீரோடு நடந்தே இரண்டு வாரம்.

அப்புறம் எல்லாம் ஒழுங்குபடுத்தப்பட்டது. 1900-களின் தொடக்கத்தில் தோட்டத்து எண் பொறித்த தகர வில்லை வந்தது. அதைக் கழுத்தில் மாட்டினால் வழிச்செலவு நேராகத் தோட்டத்துக் கணக்கில் ஏறும். 1904-ல் ஆள் சேர்ப்பதற்கென்றே சிலோன் லேபர் கமிஷன் திருச்சியில் அலுவலகம் திறந்தது. மண்டபத்தில் முகாம், ஊசி போட்டு நாட்கணக்கில் தங்கவைத்து அனுப்புவார்கள். 1914-ல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். துண்டுமுறையை 1921-ல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். 1939 ஆகஸ்டில் இந்திய அரசு கூலித்தொழிலாளர் சிலோன் போவதையே தடைசெய்தது. போவது அத்தோடு நின்றது.

திரும்புவதற்கு யார் காரணம்?

1946 கணக்கெடுப்பில் இந்தியத் தமிழர் 7.8 லட்சம், சிலோன் மக்கள்தொகையில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்குச் சற்றுக் குறைவு. 1947 தேர்தலில் சிலோன் இந்தியன் காங்கிரஸுக்கு ஏழு இடம் கிடைத்தது. இடதுசாரிகளுக்கும் அவர்கள் ஓட்டு போனது. அடுத்த வருஷமே 1948-ம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் வந்தது. யாரும் ஒரு அடிகூட நகரவில்லை. அதே லயம், அதே மலை, ஆனால் நாடு இல்லை. 1949 சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தால் குடியுரிமை கிடைக்கலாம் என்றார்கள். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போனது, கிடைத்தது ஏறக்குறைய 1.34 லட்சம் பேருக்கு. தொடர்ந்து குடியிருந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். கூலி தோட்டத்துப் பதிவேடான செக்ரோலில் மட்டும் பதிவாகியிருந்த குடும்பங்கள் வேறு எந்த அத்தாட்சிக்கு எங்கே போகும்?

1964 அக்டோபர் 30-ல் இரு நாட்டுப் பிரதமர்கள் போட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்றவர்கள் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். மிச்சம் 1,50,000 பேரை 1974-ல் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். நெல் மூட்டையைப் பங்குபோடுகிற மாதிரி.

விண்ணப்பம் வாங்கியபோது ஒரு சுவாரசியம். இலங்கைக் குடியுரிமை கேட்டவர்கள் ஆறு லட்சத்துக்கும் மேல், இந்தியக் குடியுரிமை கேட்டவர்கள் ஐந்து லட்சத்தைச் சற்றே தாண்டியவர்கள். ஒப்பந்தம் போட்ட கணக்கு ஒன்று, மக்கள் விரும்பிய கணக்கு அதற்குத் தலைகீழ். இந்தியா என்று எழுதிக்கொடுத்தவர்களிலும் பலர் விருப்பத்தால் எழுதவில்லை. 1949 சட்டத்தின்கீழ் ஒருமுறை மறுக்கப்பட்ட அனுபவம் இருந்தது. பிறகு 1970-களின் உணவுத் தட்டுப்பாடு. தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்த காலம் அது. 1972-லும் 1975-லும் நிலச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையானபோது பல இடங்களில் வேலையும் லயமும் போயின. 1977-ல் தமிழர்மேல் அடிதடி, 1981-ல் மறுபடி, 1983-ல் எல்லாவற்றையும் மிஞ்சியது. ஒரு பகுதியினர் இந்தியா போகாமல் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காட்டை வெட்டிக் குடியேறினார்கள். பின்னால் போர் அங்கேயும் வந்தது.

அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று குடும்பங்கள் உடைந்தன. மலையகத்திலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு ‘அழுகைக் கோச்சி’ என்று பெயர் வந்தது அப்போதுதான். தனுஷ்கோடியை 1964 டிசம்பர் புயல் தின்றுவிட்டதால் ராமானுஜம் கப்பல் ராமேஸ்வரத்துக்கு வந்தது. இறங்கினால் மண்டபம் முகாம். பாட்டனுக்கு ஊசி போட்டு அனுப்பிய அதே மண்டபம்.

‘தாயகம் திரும்பியோர்’ என்று அரசாங்க மொழியில் ஒரு பெயர் வைத்தார்கள். மலையகத்து ஹட்டனில் பிறந்து, முசிறியைக் கண்ணால் பார்த்தறியாத ஒருவர் முசிறிக்கு எப்படித் ‘திரும்ப’ முடியும்? அங்கே இந்தியாவிலிருந்து திருட்டுத்தனமாக வந்தவர் என்ற பொருளில் கள்ளத்தோணி என்றார்கள், இங்கே சிலோன்காரன் என்றார்கள். வேடிக்கை என்னவென்றால் இரண்டு கரையிலும் அடுத்த கரையின் பெயர்தான் ஒட்டிக்கொண்டது.

அட்டையில் எழுதியிருந்த ஊர்

வருபவர்கள் கையில் குடும்ப அட்டை இருந்தது. கண்டியில் இந்தியத் தூதரகக் கிளை கொடுத்தது. எந்தக் குடும்பத்துக்கு எந்த மறுவாழ்வுத் திட்டம், எந்த இடம் என்று அதில் பதிவாகியிருக்கும். தமிழக அரசு இவர்களுக்காகவே 1968-ல் நீலகிரியில் தேயிலைத் தோட்டம் தொடங்கியது. 1976-ல் அது டான்டீ என்ற கழகமானது. கேரளத்தில் புனலூர், கர்நாடகத்தில் சுள்ளியா பக்கம் ரப்பர் தோட்டம், நூற்பாலைகளில் வேலை. கடன் கொடுக்க 1969-ல் ரெப்கோ வங்கி. பெரும்பகுதிக்கு ஒதுக்கப்பட்டதோ வியாபாரக் கடன். மூன்று தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களிடம் பணத்தைக் கொடுத்துப் பெட்டிக்கடை வை என்றால் என்ன ஆகும்? முன்பின் தெரியாத ஊர், யாரும் கடன் சொல்லிவிட்டுப் போகிற கடை. சில மாதத்தில் கடையும் போய்க் கடன் மட்டும் நிற்கும்.

இங்கிருந்துதான் மூன்றாவது இடப்பெயர்வு. எந்த அரசாங்கமும் திட்டம் போடாதது. சமவெளியில் இறக்கிவிடப்பட்டவர்கள் தாங்களாகவே மூட்டையைக் கட்டிக் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் ஏறினார்கள். அங்கே குளிர் இருந்தது, தேயிலை இருந்தது, முன்னால் வந்து சேர்ந்த ஒரு மச்சானோ மாமாவோ இருந்தார். கோத்தகிரிப் பக்கம் பஸ்ஸில் போனால் இன்றும் பெரட்டு, லயம், காம்பரா என்ற சொற்கள் காதில் விழும். என் வாதத்துக்கு இதைவிட வலுவான சான்று இல்லை. அட்டையில் எழுதிய ஊரை விட்டுவிட்டு, ஆள் தெரிந்த ஊருக்கும் கை பழகிய வேலைக்கும்தான் போனார்கள்.

எல்லாருக்கும் அப்படி ஆள் அமையவில்லை. கொடைக்கானல் மலையில் வாட்டில் மரம் வெட்டிப் பட்டை உரிக்கும் காண்ட்ராக்டர்களிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு போன குடும்பங்கள் கொத்தடிமையாகச் சிக்கின. 1980-களில் அவர்களை மீட்க வேண்டியிருந்தது. துண்டு ஒழிந்து அறுபது வருஷம் ஆகியிருந்தது. முன்பணம் மட்டும் ஒழியவே இல்லை. கூடலூரில் வேறு சிக்கல். ஜென்மம் என்ற பழைய பரம்பரை நிலவுடைமையை ஒழிக்க வந்த 1969-ம் ஆண்டுச் சட்டத்தின் 17-ம் பிரிவில் மாட்டிய நிலங்களில் வீடு போட்டவர்களுக்குப் பட்டா இல்லை, அதனால் மின் இணைப்புக்கும் பல வருஷம் அலைச்சல். சிலோனில் குடியுரிமைத் தாள் இல்லை, இங்கே நிலத்துத் தாள் இல்லை.

பசி, சாதி, பஞ்சம், கலவரம் எதுவும் பொய்யில்லை. ஆனால் அதே பசி திருச்சி மாவட்டத்தில் ஆயிரம் கிராமத்தில் இருந்தபோது, ஆள் கிளம்பியது கங்காணி வந்த கிராமத்தில். ஒரே லயத்தில் ஒரே பயத்தோடு இருந்த அண்ணன் தம்பியில் யார் கப்பலேறுவது என்பதை முடிவுசெய்தது விண்ணப்பத்தில் நிரப்பிய ஒரு கட்டம். அதனால் ‘ஏன் போனார்கள்’ என்று மட்டும் கேட்டால் எனக்குப் போதுவதில்லை. வழிச்செலவை யார் கொடுத்தார், அதை யார் கணக்கில் எழுதினார், திரும்ப நினைத்தால் யாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

இப்போது டான்டீயும் நொடித்துப்போயிருக்கிறது. 2022-ல் சுமார் 2,152 ஹெக்டேர் தேயிலை நிலத்தை அரசு வனத்துறைக்கே திருப்பிக் கொடுத்தது. ஓய்வுபெற்றால் தோட்டத்து வீட்டைக் காலிசெய்ய வேண்டும். கட்டிக்கொள்ள வெளியே நிலம் கிடையாது. பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விட்டார்கள், முதலில் ஒருவன் போய் அறை பிடித்து, மற்றவர்களைப் போன்போட்டு வரவழைத்து. நீலகிரியிலும் வால்பாறையிலும் அவர்கள் விட்ட வேலைக்கு ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் குடும்பமாக ஆட்கள் வந்திருக்கிறார்கள். தோட்டங்கள் அவர்களுக்கு வீடு கொடுத்திருப்பது பழைய லயங்களில்தான்.